லாக் அக்காவின் ஐம்பது வரிகள்

"கேஸ் மூடியாச்சு, மணி எட்டு பதினாலு. பின்கதவு தாழ்ப்பாள் போட்டாச்சு, எட்டு பதினஞ்சு." செருப்பை மாட்டிக்கொண்டே உரக்கச் சொல்லிவிட்டு, படியில் இரண்டு அடி இறங்கி, மறுபடி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்த்து, "பூட்டு இழுத்துப் பார்த்தாச்சு" என்று அதையும் சொன்னால்தான் அந்த அம்மாளுக்கு அன்றைய நாள் தொடங்கும். கீழே தெருவில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கும் கணவர் மேலே பார்க்காமலே குரல் கொடுப்பார்: "சொல்லியாச்சுன்னு சொல்லியாச்சா?"

கணவர் கண் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாளெல்லாம் நின்ற இடத்தில் நின்று, எதிரே இருப்பவர் எழுத்தை வாசிக்கும்வரை காத்திருப்பது அவர் தொழில். இவருக்கோ ஒரு பாட்டு முடியும்வரைகூட ஒரே நாற்காலியில் உட்கார முடியாது. காலில் சக்கரம் கட்டிய இந்த அம்மாளும் ஆணியடித்த அந்த மனிதரும் இருபத்தொரு வருடமாக ஒரே வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று அவர்கள் மகளே கேட்பதுண்டு.

ஆபீஸில் இவருக்குப் பெயர் லாக் அக்கா. வயது நாற்பத்தாறு. தலைமுடியைக் கையில் கிடைத்ததைக் கொண்டு முடிந்துகொள்வார். ஒருநாள் அது ஹெட்போன் ஒயராக இருந்தது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம் அது. யாராவது போன் செய்து "அப்பா கீழே விழுந்துட்டார், பேச்சு வரல" என்று பதறினால், அந்தப் பதற்றத்தை ஒரு முகவரியாக்கி, பக்கத்தில் எந்த வண்டி சும்மா நிற்கிறது என்று பார்த்து, அந்த வண்டிக்குச் செய்தி அனுப்புகிற மென்பொருள். அதில் அக்காவின் பங்கு, நடப்பதை எல்லாம் எழுதிவைப்பது; அதற்குத்தான் அங்கே லாக் என்று பெயர்.

கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் கேட்டால் அக்கா நடந்துகொண்டே விளக்குவார். "உள்ள ஒரே ஆள் உக்காந்து எல்லா வேலையும் செய்றான்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள். அழைப்புன்னு ஒருத்தன், வண்டின்னு ஒருத்தன், வரைபடம்னு ஒருத்தன், தூதன்னு ஒருத்தன். அவனவன் சாமான் அவனவன் கையில. அடுத்தவன் பையில யாரும் கையை விடக்கூடாது. வேணும்னா கேட்டு வாங்கிக்கணும்." இந்த ஆட்களைத்தான் அவர்கள் கிளாஸ் என்றும் ஆப்ஜெக்ட் என்றும் சொல்கிறார்கள். அக்காவுக்கு அவர்கள் எல்லோரும் பையன்கள். "அழைப்பு அவன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கான், வண்டிதான் வாயைத் திறக்கல" என்று அவர் தனியாகப் பேசிக்கொண்டு போவதைக் கேட்டு, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஏதோ விபத்து நடந்துவிட்டது என்று பயந்திருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் அக்கா உருவாக்கிய ஆளுக்குப் பெயர் எழுத்தர். மற்ற ஆட்கள் யாரும் நேராகப் பைலைத் தொடக்கூடாது. நடந்ததை எழுத்தரிடம் சொல்ல வேண்டும். அவர் ஒருவர்தான் பைலைக் கையில் வைத்திருப்பார். நேரம், சொன்னவன் பெயர், சொன்ன சேதி, ஒரு சேதிக்கு ஒரு வரி. "ஆளாளுக்கு எழுத விட்டா ஒருத்தன் பேச்சுக்கு நடுவுல இன்னொருத்தன் பேச்சு வந்து விழும். நம்ம மீட்டிங் மாதிரி ஆயிடும்." யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும், இருபது வினாடிக்கு ஒருமுறை எழுத்தர் தானாகவே "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதுவார். சாயங்காலம் மென்பொருளை மூடும்போது "பைலை மூடுகிறேன்" என்று கடைசி வரி எழுதிவிட்டுத்தான் விடைபெறுவார்.

வரியை எப்படி எழுத வேண்டும் என்பதில் அக்கா ஒற்றைக்காலில் நிற்பார். பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை தான் எழுதிய நிரலில் 'இங்கே வந்துவிட்டேன்' என்று ஒரு வரியும், பத்து வரி தள்ளி 'இங்கேயும் வந்துவிட்டேன்' என்று ஒரு வரியும் எழுதச் சொல்லி வைத்திருந்தார். அக்கா லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடி அவர் முன்னால் போய் நின்றார்.

"வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்ல நீங்க என்ன விருந்தாளியா? எங்க வந்தீங்க? கையில என்ன கொண்டு வந்தீங்க? எதுக்கு வந்தீங்க? அதை எழுதுங்க சார்."

"சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டேங்க அக்கா."

"சும்மா போட்டதைத்தான் ஒருநாள் யாரோ உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசிக்கப் போறாங்க."

'பிழை ஏற்பட்டது' என்று மொட்டையாக எழுதுகிறவர்களை அவர் ஜென்மத்துக்கும் மன்னிப்பதில்லை. பிழையைப் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் விழுங்கிவிடுகிற நிரலைக் கண்டால் அவருக்கு உடம்பே எரியும். கட்டைவிரல் நகத்தைக் கடித்தபடி தாழ்வாரத்தில் மூன்று சுற்று நடந்துவிட்டு வந்துதான் பேசவே ஆரம்பிப்பார். இத்தனை கெடுபிடியால் ஒரு நன்மை விளைந்திருந்தது. அக்காவின் பைலில் இருந்தால் அது நடந்தது. இல்லாவிட்டால் நடக்கவில்லை. நிறுவனத்தில் மட்டுமல்ல, மென்பொருளை வாங்கிய இடங்களிலும் இதுதான் பேச்சு. அந்த நம்பிக்கைதான் பிறகு வினையாக வந்து நின்றது.

அதற்கு நான்கு மாதத்துக்கு முன்பு, திரை மெதுவாக நகர்கிறது என்று கட்டுப்பாட்டு அறைகளிலிருந்து புகார் வந்தது. அலசிப் பார்த்ததில், எழுத்தர் ஒவ்வொரு வரிக்கும் பைலைத் தேடி ஓடுவதுதான் காரணம் என்று தெரிந்தது. ஒரே மதியத்தில் அக்கா அதைச் சரிசெய்தார். இனி எழுத்தர் ஒவ்வொரு வரிக்கும் ஓட மாட்டார்; கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, ஐம்பது வரி சேர்ந்ததும் மொத்தமாகப் பைலில் இறக்கிவைப்பார். பிழைகளுக்கு மட்டும் தனிப் பைல். அது உடனுக்குடன் எழுதப்படும். மற்றதெல்லாம் சாதாரணத் தகவல், கொஞ்சம் தாமதித்தால் என்ன? திரை வழுக்கிக்கொண்டு ஓடியது. மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு அக்காவுக்குக் கைதட்டச் சொன்னார். அக்கா வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து முப்பத்தேழுக்கு ஒரு கட்டுப்பாட்டு அறையின் நான்காம் மேசைக்கு அழைப்பு வந்தது. தையல்காரர் ஒருவர் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார், வாய் கோணிவிட்டது. பேசியது அவர் மகள். மேசையில் இருந்த பெண் முகவரி வாங்கினாள், வண்டி வருகிறது என்றாள். பத்து நாற்பத்தொன்றுக்கு அவள் திரை அப்படியே உறைந்தது. பொத்தானை அமுக்கிப் பிடித்துக் கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டாள். திரை வெறுமையாக வந்தது. காத்திருந்த அழைப்புகள் ஐந்தும் ஒன்றாக வந்து விழுந்தன. வண்டி போகவில்லை. பத்தொன்பது நிமிடம் கழித்து அந்த மகள் மறுபடி கூப்பிட்டு, வேறு மேசையில் இருந்தவர் வேறு வண்டி அனுப்பினார். தையல்காரர் பிழைத்துக்கொண்டார். வலது கை திரும்பவில்லை.

அந்தப் பெண் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நான் அனுப்பு பொத்தானை அழுத்தினேன். 'அனுப்பப்படுகிறது'ன்னு ஸ்க்ரீன்ல வந்துச்சு. அதுக்கப்புறம்தான் உறைஞ்சுது."

புதன்கிழமை காலை மேலாளர் அக்காவின் மேசைக்கே வந்தார். "மேடம், நாலாம் மேசை பைல் வந்திருக்கு. பொத்தான் அழுத்தின வரி இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

அக்கா நின்றபடியே தேடினார். 10:37:15, அழைப்பு ஏற்கப்பட்டது. 10:38:52, முகவரி பதிவு செய்யப்பட்டது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

"இல்ல சார்."

"அதை ஒரு வரியில எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. விசாரணைக் குழு கேக்குது."

'சம்பவ நேரத்தில் அனுப்பு பொத்தான் அழுத்தப்பட்டதற்கான பதிவு கோப்பில் இல்லை.' அக்கா எழுதிக் கையெழுத்திட்டார். அச்செடுத்துக் கொடுக்கும்வரை எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். வியாழக்கிழமை அந்தப் பெண்ணை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முகவரியை வாங்கி வைத்துக்கொண்டு வண்டி அனுப்ப மறந்த ஆபரேட்டர் என்று செய்தி பரவியது.

அன்றிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்போதும் இருக்கிற பரபரப்பு வேறு, இது வேறு என்று அவர் கணவருக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அலமாரித் துணிகள் எல்லாம் தரையில் கிடந்தன. சனிக்கிழமை, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை அக்கா எடுத்து மறுபடி வாளியில் போட்டார்.

"அது துவைச்ச துணி."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் துவைக்கிறியா?"

அக்கா சோப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நான் எழுதிக் கொடுத்தது உண்மைங்க. பைல்ல அந்த வரி இல்ல. இல்லன்னுதானே எழுதினேன்?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"உண்மைதான்."

"சரி, உண்மைதான். அதுக்கு ஏன் என் சட்டையோட காலரைப் பிய்க்கிற?"

அக்கா கையை நிறுத்தினார். ஆனால் எது உறுத்துகிறது என்று அப்போதும் பிடிபடவில்லை. பல்லிடுக்கில் சிக்கிய நார் போல நாக்கு மட்டும் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

பிடிபட்டது திங்கள் மதியம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா கொண்டுவந்த டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, தொடாமல், நான்காம் மேசையின் பைலை மறுபடி திறந்தார். இந்த முறை வரியைத் தேடவில்லை. மேலிருந்து கீழாகச் சும்மா ஓட்டினார். உயிரோடு இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன். இருபது வினாடிக்கு ஒன்று, கடிகாரம் தவறாமல். 10:38:20. 10:38:40. பிறகு முகவரி பதிவான வரி. பிறகு பைலே முடிந்துவிட்டது.

அவர் விரல் திரையில் நின்றது. 10:39:00 எங்கே? 10:39:20 எங்கே? கம்ப்யூட்டர் உறைந்தது பத்து நாற்பத்தொன்றுக்கு. அதுவரை அது உயிரோடுதான் இருந்தது. அந்தப் பெண் பத்து நாற்பது வரை அந்த மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள் என்று தொலைபேசி இணைப்பகமே சொல்லியிருக்கிறது. பொத்தான் அழுத்திய வரி இல்லை, சரி, மனிதர் மறக்கலாம். எழுத்தர் மூச்சு விட மறப்பாரா?

அக்கா கடைசி வரியின் இடது ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். ஆயிரத்து நூற்றைம்பது.

முந்தைய நாள் பைலைத் திறந்தார். மூவாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு. கடைசியில் 'பைலை மூடுகிறேன்'. அதற்கு முந்தைய நாள் நாலாயிரத்து ஆறு, 'பைலை மூடுகிறேன்'. மறுபடி செவ்வாய். ஆயிரத்து நூற்றைம்பது. ஐம்பதால் வகுத்தால் மீதி இல்லை. மூடுகிற வரியும் இல்லை.

பத்து முப்பத்தெட்டுக்கு எழுத்தர் ஐம்பது வரிகளைப் பைலில் இறக்கியிருக்கிறார். அடுத்த இரண்டு நிமிடம் கேட்டதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, ஐம்பது சேரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். அதற்குள் கம்ப்யூட்டரை அணைத்தாயிற்று. நினைவு போயிற்று, சொன்ன பேச்சும் அதோடு போயிற்று. காத்திருக்கச் சொன்னது யார்? ஒருவர் உயிருக்காக இன்னொருவர் அழுத்துகிற பொத்தானைச் சாதாரணத் தகவல் என்று ஒதுக்கியது யார்? கைதட்டல் வாங்கியது யார்?

அக்கா டப்பாவை மூடினார். மேலாளரின் அறைக்குப் போவதற்குள் தாழ்வாரத்தை நான்கு முறை அளந்தார். ஐந்தாவது முறை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேலாளர் கெட்டவரில்லை. முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், நீங்க எழுதிக் கொடுத்தது பொய் இல்லையே?"

"பொய் இல்ல சார். அதான் பிரச்சனை."

"பைல்ல இல்லன்னுதான் எழுதினீங்க. அழுத்தலன்னு எழுதலையே. அர்த்தம் பண்ணிக்கிட்டது அவங்க."

"நான் இல்லன்னு சொன்னா நடக்கலன்னுதான் அர்த்தம்னு அவங்களுக்குப் பத்து வருஷமா சொல்லிக் கொடுத்தது யாரு சார்? நாமதானே?"

"இப்ப போய் நம்ம பைலையே நம்பாதீங்கன்னு சொன்னா, நாளைக்கு எதை நம்புவாங்க? பதினாலு ஊர்ல நம்ம மென்பொருள் ஓடுது. யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுட்டேன் சார். நடந்துக்கிட்டே யோசிச்சேன்."

"அந்தப் பொண்ணு நிஜமாவே அழுத்தாம இருந்திருந்தா?"

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணை அவர் பார்த்ததுகூட இல்லை. அவள் அழுத்தினாளா இல்லையா என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியாது சார்" என்றார் கடைசியில். "தெரியாதுன்னு சொல்ல வேண்டிய இடத்துல, இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

மேலாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "வெள்ளிக்கிழமை குழு கூடுது. நீங்களே வந்து சொல்லுங்க. நான் தடுக்கல. கூட நின்னு பேசவும் மாட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை அக்கா ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கட்டித் தூக்கிக்கொண்டு, ஆட்டோவில் மடியில் வைத்துப் போனார். குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் அதிகாரிகள். பேசியதெல்லாம் மூன்றாமவர், ஒரு மருத்துவர். நரைத்த புருவம், அவசரமில்லாத குரல். அக்கா எழுதி எடுத்துப் போயிருந்த விளக்கத்தில் இரண்டு பக்கம் வாசிப்பதற்குள் அதிகாரிகளின் கண்கள் சொருகத் தொடங்கின. நினைவகம், பைல், ஐம்பது வரி. அக்கா தாளை மடித்துவைத்தார்.

"டாக்டர், இங்க வந்து உக்காருங்க. இதான் அனுப்பு பொத்தான். ஒரு வண்டி அனுப்புங்க."

மருத்துவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அழுத்தினார். திரையில் 'அனுப்பப்படுகிறது' என்று வந்தது.

"இன்னொண்ணு அனுப்புங்க. இன்னொண்ணு." மருத்துவர் ஏழு முறை அழுத்தினார். பக்கத்தில் இருந்த அதிகாரிகளும் எட்டிப் பார்த்தார்கள். ஏழாவது முறை அவர் விரலை எடுத்ததும் அக்கா குனிந்து, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். திரை இருண்டது.

ஒயரை மறுபடி சொருகி, கம்ப்யூட்டர் எழுந்து வரும்வரை அக்கா சுவருக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார். வந்ததும் பைலைத் திறந்து மருத்துவர் பக்கம் திருப்பினார்.

"வாசிச்சுப் பாருங்க. நீங்க அழுத்தவே இல்லையாம்."

மருத்துவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "அதெப்படி? நான் அழுத்தினேனே! நீங்க எல்லாரும் பார்த்தீங்களே!"

"அவங்களும் அதைத்தான் டாக்டர் சொன்னாங்க. அவங்க அழுத்தினப்போ பார்க்க யாரும் இல்ல."

மருத்துவர் பைலிலிருந்து கண்ணை எடுக்க நேரம் பிடித்தது. பிறகு நிதானமாகக் கேட்டார்: "சரிம்மா. அப்போ அந்தப் பொண்ணு அழுத்தினாங்கன்னு இது நிரூபிக்குதா?"

இந்தக் கேள்வி வரும் என்று அக்காவுக்குத் தெரியும். ஆமாம் என்று சொல்லிவிட அவர் நாக்கு துடித்ததும் உண்மை. ஒரு வார்த்தைதான்.

"இல்ல டாக்டர். அழுத்தலன்னு சொல்ல இந்தப் பைலுக்கு வாய் கிடையாது. அவ்வளவுதான் நிரூபிக்குது. நான் முன்னாடி எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கிறேன். வரியைக் காக்க வச்சது என் கோட். அதையும் எழுதிக்கங்க."

ஓர் அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அக்கா மெதுவாகச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அந்தப் பெண்ணை மறு திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை மூன்று முறை வாசித்து, தேதி தப்பாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பி, சரியான தேதியோடு வாங்கி வைத்துக்கொண்டார். ஆபீஸில் அக்காவிடம் இருந்த அணித் தலைமைப் பொறுப்பு பக்கத்து மேசைக்காரருக்குப் போனது. மேலாளர் இரண்டு வாரம் அக்காவிடம் மின்னஞ்சலில் மட்டும் பேசினார், பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. பொத்தான் அழுத்தினால் ஐம்பதுக்குக் காத்திராமல் அந்த வினாடியே பைலில் இறங்கும்படியும், கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தால் போகாமல் நின்ற அழைப்புகள் முதலில் திரைக்கு வரும்படியும் அக்கா நிரலை மாற்றி எழுதினார். எழுதி முடித்தும் நிம்மதி வந்துவிடவில்லை. தையல்காரரின் கையைப் பற்றி அவர் வீட்டில் ஒரே ஒருமுறைதான் பேசினார். "வரியைப் பிடிச்சு வச்சது நான்; அது பைல்ல இருந்திருந்தா வண்டி போகலைன்னு அப்பவே தெரிஞ்சிருக்கலாம். உறைஞ்சுபோன திரை எங்க ஆபீஸ் செஞ்சது. ரெண்டுல எது அந்தக் கையை எடுத்துச்சுன்னு யாரைக் கேக்க?" கணவர் அன்று கடையைத் திறக்காமல் வீட்டிலேயே இருந்தார்.

புதிய நிரலைக் கட்டுப்பாட்டு அறையில் ஏற்ற வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அக்கா தானே போனார். ஜன்னல் இல்லாத நீண்ட அறை, எட்டு மேசைகள், எல்லோரும் தாழ்ந்த குரலில், ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்காம் மேசையில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். காதில் ஹெட்போன், நாற்காலியின் முதுகில் தொங்கும் ஸ்வெட்டர். அக்கா குனிந்து ஒயர்களைப் பார்ப்பதுபோல இரண்டு நிமிடம் கடத்தினார். அந்தப் பெண்தான் முதலில் பேசினாள்.

"நீங்கதான் அந்தக் கையெழுத்துப் போட்டவங்களா?"

"ஆமாம்மா. நான்தான்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. களைப்பு இருந்தது. "பதினோரு நாளு வீட்டுல உக்காந்து இந்த விரலையே பார்த்துக்கிட்டு இருந்தேங்க. முதல் ரெண்டு நாளு, நான் அழுத்தினேன், அழுத்தினேன்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். அப்புறம், மெஷின் பொய் சொல்லாதேன்னு எங்க அண்ணன் சொன்னான். அஞ்சாவது நாளு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அழுத்தினோமா, இல்ல அழுத்தினதா நினைச்சுக்கிட்டோமான்னு. இப்பவும் யோசிச்சா அந்த நிமிஷம் மட்டும் கலங்கலாத் தெரியுது."

அக்காவிடம் சொல்ல நிறைய இருந்தது. ஐம்பது வரி, மூச்சுவிடாத எழுத்தர், மருத்துவரின் ஏழு வண்டிகள்.

"மன்னிச்சிடும்மா" என்றார். அது அந்த அறையின் இரைச்சலில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ, அதற்குள் மேசையில் விளக்கு எரிந்தது. அவள் குரல் மாறிவிட்டது. "சொல்லுங்க, எங்க இருக்கீங்க... மூச்சு வருதான்னு பாருங்க... பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்." விரல்கள் முகவரியைத் தட்டின. வரைபடத்தில் ஒரு புள்ளி மின்னியது. அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் 'அனுப்பப்படுகிறது' வந்தது. 'அனுப்பப்பட்டது' என்று மாறும்வரை அவள் இமைக்கவில்லை.

பிறகு, போனில் பேசிக்கொண்டே, விசைப்பலகைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை இழுத்தாள். பக்கத்தில் ஏற்கெனவே இருபது வரிகள்போல இருந்தன. ஒவ்வொன்றிலும் மணி, நிமிடம், தெருவின் பெயர், பக்கத்தில் 'அழுத்தினேன்'. இன்னொரு வரி தொடங்கினாள். பேனா எழுதவில்லை. உதறினாள். ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள். வெறும் கீறல்தான் விழுந்தது. கண் திரைக்கும் கடிகாரத்துக்கும் பறந்தது.

அக்கா தோள் பையைத் திறந்து, தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.